பலம் மட்டும் தெரிந்தால் போதுமா?

வெற்றி பெற்ற அணியைப் புகழ்வது எளிது. தோற்ற அணியைத் தூற்றுவது அதைவிட எளிது. ஆனால், பிரிவு ஆட்டங்கள் முடிந்து, இனி ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற கட்டம் வரும்போது, நம் அணியிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேர்மையாக எடைபோட்டுப் பார்ப்பது எளிதல்ல. அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தவர்கள் இந்த நாட்டில் ஒரு காலத்தில் இருந்தார்கள். இன்று அது ஏன் நடக்கவில்லை என்பதுதான் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

1962ஆம் ஆண்டு. ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்தில் எட்டு நாடுகள், இரண்டு பிரிவுகள். இந்தியா இருந்த பிரிவில் தென் கொரியா, ஜப்பான், தாய்லாந்து. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அதன் பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்று இந்தியா அரை இறுதிக்கு வந்தது. மூன்று ஆட்டங்களில் ஆறு கோல் போட்டு, மூன்று கோல் வாங்கியிருந்தது.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் கணக்கின் உள்ளே என்ன இருந்தது?

ஆறு கோல்களையும் போட்டவர்கள் மூன்றே பேர். பி.கே. பானர்ஜி மூன்று, பலராம் இரண்டு, தலைவர் சுனி கோஸ்வாமி ஒன்று. ஆசியாவிலேயே அஞ்சத்தக்க முன்வரிசை அது என்பதில் ஐயமில்லை. பானர்ஜியின் வேகமும் உதையும், கோஸ்வாமியின் பந்துக் கட்டுப்பாடும், பலராமின் நுண்ணறிவும் ஒன்று சேர்ந்தால் எந்தத் தற்காப்பும் திணறும். அது அணியின் பலம். ஆனால் அதிலேயே பலவீனமும் இருந்தது. இந்த மூவரையும் எதிரி கட்டிப்போட்டுவிட்டால் நான்காவதாகக் கோல் போட யார் இருந்தார்?

அடுத்து, தற்காப்பு. அதன் தூணாக இருந்தவர் ஜர்னைல் சிங். தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் அவர் தலையில் பலத்த அடி. தையல் போட்ட தலையோடு பந்தை முட்டித் தடுப்பது எப்படி? தற்காப்பின் நடுவே நிற்பவனுக்குத் தலைதானே முதல் ஆயுதம்! கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜோ காய்ச்சலில் படுத்துவிட்டார். சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணியில் விளையாடிப் பெயர் பெற்றவர் அவர். 1955இலும் 1958இலும் டியூராண்ட் கோப்பையை வென்ற அணி அது. அவருக்குப் பதிலாக நின்ற பிரத்யுத் பர்மன் திறமைசாலிதான் என்றாலும், தங்கராஜின் உயரம் அவருக்கு இல்லை.

இன்னொரு குறை, கண்ணுக்குத் தெரியாதது. அந்நாளில் நம் நாட்டில் நடந்த போட்டிகள் 70 நிமிடம். வெளிநாட்டில் ஆட வேண்டியதோ 90 நிமிடம். ஆண்டு முழுவதும் 70 நிமிடத்திற்குப் பழகிய கால்கள் கடைசி இருபது நிமிடத்தில் தளர்ந்தால் அது அந்தக் கால்களின் குற்றமா, அப்படிப் பழக்கியவர்களின் குற்றமா?

இவை போதாதென்று வெளியே ஒரு பகை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததால், இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கலாகாது என்று ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினர் ஜி.டி. சோந்தி வாதாடினார். அதனால் மூண்ட சினம், இந்தியத் தூதரகத்தின் மீது கூட்டம் பாயும் அளவுக்குப் போயிற்று. சோந்தியின் வாதம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் மைதானத்தில் இறங்கிய பதினொரு பேர். மேலே இருப்பவர்கள் பேசுவதற்குக் கீழே இருப்பவர்கள் அடிபடுவது விளையாட்டிலும் உண்டு போலும்!

ஆக, அரை இறுதியின் வாசலில் நின்ற இந்திய அணியின் நிலை இதுதான்: மூன்று பேரை நம்பிய முன்வரிசை, தலையில் கட்டுப்போட்ட தற்காப்புத் தூண், காய்ச்சலில் கிடந்த கோல் கீப்பர், 70 நிமிடத்திற்கே பழகிய உடல்கள், கூச்சலிடும் அரங்கம்.

இந்த நிலையில் ஒரு பயிற்சியாளர் என்ன செய்வார்? பலத்தைப் பாடிக் குறையை மறைப்பவர் ஒரு வகை. குறையைச் சொல்லியே தோல்விக்கு முன்கூட்டி மன்னிப்புத் தேடிக்கொள்பவர் இன்னொரு வகை. சையத் அப்துல் ரஹீம் இரண்டு வகையிலும் சேர்ந்தவரல்ல. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றுவித்தவர். 1951இல் டெல்லியில் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் கண்டவர். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற அவமானத்தையும் சுமந்தவர். வெற்றி, தோல்வி இரண்டின் முகத்தையும் நேரில் பார்த்தவருக்குத்தான் கணக்குப் போடத் தெரியும்.

அவர் போட்ட கணக்கு வியப்பானது. தலையில் அடிபட்ட ஜர்னைலைப் பின்னால் நிறுத்த முடியாது. வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம். முன்னால் நிறுத்து! கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. தற்காப்பின் நடுவே அருண் கோஷ் பொறுப்பேற்றார். ஜர்னைல் சென்டர் பார்வர்டு ஆனார். தற்காப்பிலிருந்த ஓட்டையும், முன்வரிசையில் நான்காவது ஆள் இல்லாத குறையும் ஒரே மாற்றத்தில் தீர்ந்தன.

தெற்கு வியட்நாமுடன் அரை இறுதி. 3-2 என்று இந்தியா வென்றது. கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் ஒன்று. ஒரே ஒரு கோல் வித்தியாசம். ஜர்னைலின் கோலைக் கழித்துப் பாருங்கள், அந்த மாற்றத்தின் மதிப்பு விளங்கும்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை வீழ்த்திய அதே தென் கொரியா. கொரியர் உயரமாகத் தூக்கியடிக்கும் பந்துகளுக்கு உயரமான கைகள் வேண்டும் என்று, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை ரஹீம் கோலுக்கு முன் நிறுத்தினார். அதுவரை நன்றாகவே காத்து நின்ற பர்மனை உட்காரவைப்பது மனத்துக்கு எளிதான காரியமல்ல. அணிக்கு எது தேவை என்பதே அங்கே அளவுகோல். திரிலோக் சிங் காலில் அடியோடு ஆடினார். அரங்கில் ஏறத்தாழ லட்சம் பேர், நம் நாட்டுப் பண்ணையே கூச்சலில் மூழ்கடித்தனர். நமக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்! நாடுகளின் அரசுகள் முறைத்துக்கொண்டாலும் விளையாடுபவனுக்கு விளையாடுபவனின் வலி தெரியும்.

17ஆம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல், தையல் போட்ட அந்த மனிதர், இரண்டாவது கோல். கொரியா திருப்பிப் போட்டது 85ஆம் நிமிடத்தில். 70 நிமிடத்திற்குப் பழகிய உடல்கள் தளரும் என்று நாம் மேலே சொன்னோமே, அந்தக் குறை கடைசிவரை இருந்தது. ஆனால் குறை வந்து கடிக்குமுன், முதல் இருபது நிமிடத்திலேயே அணி வேலையை முடித்துவிட்டிருந்தது. 2-1. தங்கம்.

ரஹீம் அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். ஓராண்டு முடியுமுன், 1963 ஜூன் மாதத்தில், அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் அதுதான். 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். பிறகு 2023 வரை பதக்கமே இல்லை.

இந்தக் கதையை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பழம்பெருமை பேசியே வயிறு நிரப்பும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சொல்கிறோம்.

2018ஆம் ஆண்டு. அதே ஜகார்த்தாவில் மறுபடியும் ஆசிய விளையாட்டு. இந்தியக் கால்பந்து அணி போகவில்லை. ஆசியத் தரவரிசையில் முதல் எட்டு இடத்திற்குள் இல்லை என்று காரணம் காட்டி இந்திய ஒலிம்பிக் சங்கம் அனுப்ப மறுத்தது. தங்கம் வென்ற அதே ஊருக்குப் போய்த் தோற்கும் வாய்ப்பைக்கூட நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை!

2023ஆம் ஆண்டு, ஹாங்சூ. இப்போதும் அதே தரவரிசைச் சட்டம் குறுக்கே நின்றது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே முறையிட்டார். அரசு விதியைத் தளர்த்தியது. சரி, வழி பிறந்தது என்றால், அடுத்த முட்டுக்கட்டை. செப்டம்பர் 21இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்குகிறது, வீரர்களை விடமாட்டோம் என்று கிளப்புகள் கைவிரித்தன. வீரர் பட்டியல் மாறி மாறி எழுதப்பட்டது. முன்கூட்டி முகாம் இல்லை. செப்டம்பர் 18 மாலையில் அணி சீனத்தில் இறங்கியது. மறுநாளே சீனாவுடன் ஆட்டம். 1-5.

அப்படி இருந்தும் அந்த இளைஞர்கள் தளரவில்லை. வங்கதேசத்தை 1-0 என்று வென்றார்கள். மியான்மருடன் 1-1 என்று சமன் செய்தார்கள். அடுத்த சுற்றுக்குள் நுழைந்தார்கள். அங்கே சவூதி அரேபியாவை இடைவேளை வரை கோல் போடவிடாமல் தடுத்து, முடிவில் 0-2 என்று தோற்றார்கள்.

அந்த அணிக்குப் பலம் இல்லையா? இருந்தது. அனுபவம் முதிர்ந்த சுனில் சேத்ரியும், தற்காப்பில் சந்தேஷ் ஜிங்கனும் இருந்தார்கள். அடிபட்டு எழுந்து நிற்கும் நெஞ்சுரம் எல்லோருக்கும் இருந்தது. பலவீனம்? ஒருவரையொருவர் அறியாத கூட்டம். மாற்றி நிறுத்த ஆள் இல்லாத கையிருப்பு. பயணக் களைப்பு. இந்தப் பலவீனங்களில் ஒன்றுகூட ஆட்டக்காரர்களின் கால்களில் பிறந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தனையும் அலுவலக மேசைகளில் பிறந்தவை.

1962இன் குறைகள் எப்படிப்பட்டவை? அடி, காய்ச்சல் — விதி கொடுத்தவை. அவற்றை ஒரு மனிதர் தம் அறிவால் ஈடுகட்டினார். 2023இன் குறைகள் நாமே செய்து கொடுத்தவை. அவற்றை எந்தப் பயிற்சியாளர் எந்த மந்திரத்தால் ஈடுகட்டுவார்? ஜர்னைல் கல்லூரியில் எந்த இடத்தில் ஆடினார் என்பது ரஹீமுக்குத் தெரிந்திருந்ததால் தங்கம் கிடைத்தது. முதல் நாள் மாலையில் வந்திறங்கி மறுநாள் ஆடும் அணியில், யார் எந்த இடத்திற்கும் பொருந்துவார் என்று தெரிந்துகொள்ள எவருக்கு நேரம்?

நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும்: “அன்று எட்டு நாடுகள்தான் ஆடின. ஜப்பானும் கொரியாவும் பிற்காலத்தில் உலகக் கோப்பைத் தரத்துக்கு வளர்ந்துவிட்டன. அந்தக் காலத்தோடு இந்தக் காலத்தை ஒப்பிடலாமா?” என்று. ஒப்புக்கொள்கிறோம். நாம் தங்கம் கேட்கவில்லை. ஜப்பான் வளர்ந்தது உண்மை. அதனால் நாம் வீரர்களைக் கடைசி நாளில் விமானம் ஏற்ற வேண்டும் என்று ஆகுமா? எதிரி வளர வளர ஆயத்தம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?

கிளப்புகள் சட்டத்தை மீறவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆசிய விளையாட்டுக்கு வீரர்களை விட்டே தீரவேண்டும் என்று உலக அமைப்பின் விதி கட்டாயப்படுத்தவில்லை. பணம் போட்டவர்கள் பணத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் லீகின் தொடக்க நாளைக் குறித்தவர்களுக்கு ஆசிய விளையாட்டின் நாள் தெரியாதா? ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, ஊரறிய அறிவிக்கப்பட்ட நாள் அல்லவா அது!

நாம் கேட்பவை அதிகமல்ல. நாட்டுக்காக ஆடும் போட்டிகளின் நாட்களை முதலில் குறித்துவிட்டு, வணிகப் போட்டிகளின் நாட்களைப் பிறகு குறியுங்கள். தரவரிசைப் பட்டியலைக் காட்டி வாசலை அடைக்காதீர்கள். ஆடாமல் எந்த அணியும் தரவரிசையில் ஏறியதில்லை. அணியைப் பொறுக்கி எடுக்கும் உரிமையையும், பழக்கி எடுக்கும் நாட்களையும் பயிற்சியாளரிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு தோற்றால் அவரைக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. செகந்திராபாத்துப் பக்கம் ஏழ்மையில் வளர்ந்த பலராம் பயிற்சிக்கு வந்து போக, மிதிவண்டி வாடகைக்கு ரஹீம் தம் கையிலிருந்து காசு கொடுத்தார். அந்தச் சில்லறைக் காசு பின்னாளில் ஜகார்த்தாவில் இரண்டு கோலாகத் திரும்பி வந்தது. இன்று கோடிகள் புரளும் கால்பந்தில், மைதானம்வரை வந்து சேர வழியில்லாமல் திரும்பிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணுகிறார்களா?

பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் மறைந்தார்கள். பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தார். ஹாங்சூவில் நம் பிள்ளைகள் விமானத்தை விட்டு இறங்கிய அசதியோடு ஐந்து கோல் வாங்கியதைப் பார்க்க அவர்கள் இல்லை. நாம் இருந்தோம், பார்த்தோம். மறுபடியும் அப்படி ஒரு மாலையைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.