வகுப்பறையில் வாக்குப்பதிவு

கனத்த லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது? இரண்டும் சமமே என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் ஹார்வர்டு மாணவர் பலர், இத்தகைய கேள்விகளில் தடுமாறினர்! கண்டு திடுக்கிட்டார் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர்.

மாணவரை மக்கு என்றாரா? இல்லை, தம் விரிவுரையையே சந்தேகித்தார். 1991 முதல் முறையை மாற்றினார். கேள்வி போடுவார், ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து வாக்களிப்பர், பக்கத்திலிருப்பவரோடு வாதிடுவர், மீண்டும் வாக்களிப்பர். கைதூக்குவதும் அட்டை காட்டுவதுமாக இருந்த வாக்கு, பின்னர் கையடக்கக் கருவிக்கு மாறிற்று.

முன்வரிசை நால்வர் பேச, மற்றவர் வாய்மூடிக் கிடப்பதுதானே வகுப்பு என்றிருந்தது? பெயர் வெளிப்படாமல் பொத்தானை அழுத்தலாம் என்றதும் கடைசி வரிசைக்கும் துணிவு பிறக்கிறது. பெரும்பான்மை சொன்னால் பொய் மெய்யாகுமா என்று கேட்போர் உண்டு. யார் ஆகும் என்றது? இங்கே வாக்கு தீர்ப்பன்று, வாதத்துக்கு அழைப்பு!

ஆனால் கருவியை மாணவன் தலையில் கட்டி, காசு கொடுத்து வாங்கச் சொல்லும் அமெரிக்கக் கல்லூரிகளும் உண்டு. வருகைப் பதிவுக்கு அதைப் பயன்படுத்தும் புத்திசாலிகளும் உண்டு! கருவியின்றிக் கற்பிக்க இயலாதோ? கனடாவில் நதானியேல் லாஸ்ரி ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் எழுதினார்: கருவி அழுத்திய வகுப்புக்கும் அட்டை காட்டிய வகுப்புக்கும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அட்டைக்கு மின்கலம் வேண்டாம். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் பின்னாலிருப்பவன் கண்ணிலும் படாது.