கல்லைக் கொட்டாதே, மணலைத் திருப்பிக் கொடு!



"விழுப்புரம் மாவட்டத்துல கடல் இருக்கா?"

வெளியூர்க்காரங்க கேட்டா பரவாயில்ல. நம்ம ஆளுங்களே கேக்குறாங்க. விழுப்புரம்னா ரயில் ஜங்ஷன், திண்டிவனம்னா பைபாஸ், கடல்னா பாண்டிச்சேரி. இப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். கோட்டக்குப்பத்துல தொடங்கி மரக்காணம் வரைக்கும் 19 மீனவ கிராமங்கள் இந்த மாவட்டத்துக்குள்ளதான் இருக்கு. நாம மறந்துபோன அந்தக் கரையைத்தான் கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டு இருக்கு.

இது நேத்து முளைச்ச கரை இல்லை. திண்டிவனத்துக் கிடங்கலில் இருந்து ஆண்ட ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, அவனுடைய எயிற்பட்டினத்தையும் பாடுகிறது. அந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள் பலர். அன்றைக்குத் திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் ஒரே நாடாகப் பார்த்தவன் ஒரு குறுநில மன்னன். இன்றைக்கு இரண்டையும் ஒரே மாவட்டமாகக்கூடப் பார்க்கத் தெரியவில்லை நம் ஆட்சியாளர்களுக்கு!

தோழர்களே, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு முதல்ல மரக்காணம் பக்கம் கடற்கரைக்குப் போங்க. கடை கண்ணி இல்லாத இடமா பார்த்து இறங்குங்க. காத்து ஆளைத் தள்ளும். மணல் பறந்து வந்து முகத்துல அடிக்கும். கரையை ஒட்டி மணல் மேடு. அதுமேல அடப்பங்கொடி படர்ந்திருக்கும், முள்ளு முள்ளா இராவணன் மீசைப் புல் நிக்கும், பின்னாடி பனையும் சவுக்கும் தாழையும். அழகா இருக்குன்னு போட்டோ எடுப்பீங்க. எடுங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: அந்த மேடு சும்மா கிடக்குற மணல் இல்லை. புயல் அலை அடிக்கும்போது முதல் அடியை வாங்குறது அதுதான். கடல் உள்வாங்கின மணலுக்குப் பதில் மணல் கொடுக்கிற வங்கியும் அதுதான். அந்தக் கொடியும் புல்லும் இல்லைன்னா மேட்டைக் காத்தே கலைச்சிடும்.

அப்படியே தெற்கே வந்து பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் பாருங்க. அங்கே மணல் மேடு எங்கே? கரைவலை இழுக்க இடம் எங்கே? படகை ஏத்தி நிறுத்த, வலையைக் காயப்போட, மீனைப் பரப்ப இருந்த அகலமான கரை எங்கே? பல இடத்துல இப்போ கருங்கல்தான் இருக்கு. அலை வீட்டுச் சுவரைத் தொடுது.

யார் எடுத்தது நம்ம மணலை?

கதை எளிமையானது. நம்ம கரையோரமா கடலுக்குள்ள ஒரு மணல் ஆறு ஓடுது. தென்மேற்குப் பருவக்காற்று மாசங்கள்ல அலை தெற்கே இருந்து சாய்வா வந்து அடிச்சு மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழையில கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். 1980களின் இறுதியில் புதுச்சேரியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் ஆறு அங்கேயே மறிக்கப்பட்டது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்குப் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரி நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காக, தொடர்ந்து செய்யவில்லை. அந்த அலட்சியத்தின் விலையைத்தான் நம் மீனவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு செய்தது என்ன? நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே தூண்டில் வளைவு போட்டார்கள். அதற்கு வடக்கே இருந்த ஊர் கரைந்தது. அங்கேயும் கல்! இப்படியே ஒவ்வொரு ஊராகக் கல் வடக்கே வருகிறது, கல்லுக்கு முன்னால் அரிப்பு ஓடி வருகிறது. ஒருத்தன் வீட்டுத் தீயை அணைக்கப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிடுங்குவதற்குப் பெயர் பாதுகாப்பா?

"மீனவர்களே தூண்டில் வளைவு கேக்குறாங்களே, நீங்க யாரு வேணாம்னு சொல்ல?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்கிறார்கள்தான். வாசல்ல அலை நிக்கும்போது கையில கிடைக்கிறதைத்தானே மனுஷன் கேப்பான்? அவர்களைக் குறை சொல்ல எவனுக்கும் தகுதி கிடையாது. நம் கேள்வி ஆட்சியில் இருப்பவர்களிடம்: அவர்கள் இழந்தது மணல். மணலைக் கேட்டவனுக்குக் கல்லைத்தான் கொடுப்பேன் என்று ஏன் நிற்கிறீர்கள்? கல் என்றால் டெண்டர் உண்டு, அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. மணலை வருஷா வருஷம் வடக்கே கொண்டு சேர்க்கும் வேலைக்கு ரிப்பன் வெட்ட முடியாது. அதுதானே காரணம்?

"அது புதுச்சேரி, இது தமிழ்நாடு" என்று கைகழுவுவதும் நடக்கிறது. அலைக்கு எல்லைக்கல் தெரியுமா? கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, அதற்கு வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு புதுச்சேரி, அதற்கும் வடக்கே மறுபடியும் தமிழ்நாடு. ஆட்சி இரண்டு, கரை ஒன்று. மத்திய அரசின் தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை அளந்து சொன்னது: நாட்டின் கரையில் 33.6 விழுக்காடு அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 43, புதுச்சேரியில் 56. அளந்தாகிவிட்டது, அறிக்கையும் வந்துவிட்டது. மணல் மட்டும் வரவில்லை.

"நான் திண்டிவனத்துக்காரன், எனக்கென்ன?" என்று நினைக்கிற தோழருக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவை மறந்துட்டீங்களா? ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கழுவேலிக்குப் போய், அங்கிருந்து மரக்காணம் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கழுவேலியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,151 எக்டேருக்கும் மேல். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கழுவேலிக்கு வாசல் அந்த முகத்துவாரம். வாசலில் கட்டுமானம் போட்டு மணல் போக்கைக் கெடுத்தால், கடலோரத்தில் தொடங்குகிற வினை உள்ளூர் ஏரிக்கரை வரை வரும். கரை கெட்டால் ஊரும் கெடும்.

"வளர்ச்சி வேண்டாமா, சுற்றுலா வேண்டாமா?" வேணும். ஆனா மணல் மேட்டை ஜே.சி.பி. வச்சுத் தட்டையாக்கி விடுதி கட்டுறது வளர்ச்சி இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் சரி, அதை மாற்றி வந்த 2019 அறிவிக்கையும் சரி, மணல் மேடு, கடலாமை முட்டையிடும் இடம், சதுப்புக்காடு ஆகியவற்றை முதல் வகைப் பாதுகாப்பில்தான் வைத்திருக்கின்றன. கரையே போனபின் எந்தச் சுற்றுலாப் பயணி வருவான், கருங்கல்லைப் பார்க்கவா?

நம் கோரிக்கைகள்:

1. துறைமுகத்தில் தேங்கும் மணலை வடக்கே கொண்டு சேர்க்கும் பணி ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, ஒன்றிய அரசு மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பொறுப்பேற்க வேண்டும்.

2. புதுச்சேரி முதல் மரக்காணம் வரை மொத்தக் கரைக்கும் மணல் கணக்குப் பார்க்காமல் இனி ஒரு தூண்டில் வளைவுகூடப் போடக் கூடாது. வீடு போகும் நிலையில் உள்ள குடும்பங்களுக்கு உடனே மாற்று மனை வேண்டும், கடலுக்கு எட்டத்தில் ஆனால் தொழிலுக்குப் பக்கத்தில்.

3. மணல் மேடு, முகத்துவாரம், ஆமை வரும் கரை எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு தமிழில் வரைபடமாக்கி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

4. கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவில் மீனவர்களுக்கு விதிப்படி உள்ள இடம் முறையாக நிரப்பப்பட வேண்டும். கூட்ட முடிவுகளை மக்களுக்கு வெளியிட வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்டாச்சு. இப்போ நம்ம வீட்டுக்குள்ள ஒரு கேள்வி. கடற்கரைக்கு வர்ற கூட்டத்துல நம்ம கொடி கட்டின வண்டியும் இருக்கு. மணல் மேட்டுல பைக் ஏத்துறது யாரு? பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டு வர்றது யாரு? கரைவலை இழுக்கிற பெரியவர் வெறுங்காலோடதான் நடக்குறார், தோழா. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட இரவில் கரையேறும். அப்போ டார்ச், டி.ஜே., ஹெட்லைட் வேண்டாம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி நடந்து போங்க. கொண்டுபோன குப்பையைக் கொண்டுவாங்க. கொடியைப் பிடுங்காதீங்க. இதைச் செய்யாம மேடையில சுற்றுச்சூழல் பேசுறதுக்கு நமக்கும் அருகதை இல்லை.

அடுத்த கிராம சபைக்கு மரக்காணம், வானூர் ஒன்றியத் தோழர்கள் மேலே சொன்ன நாலு கோரிக்கையையும் தீர்மானமாக எழுதி எடுத்துப் போங்க. நிறைவேற்றி, நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுங்க. திண்டிவனம், விழுப்புரம் நகரத் தோழர்கள் அன்றைக்குக் கூட நில்லுங்க. மீனவன் தனியாகக் கேட்டால் அது குப்பத்துப் பிரச்சினை. நாம எல்லாரும் சேர்ந்து கேட்டா அது மாவட்டத்தின் உரிமை!

நம் கரை, நம் உரிமை!
கல்லைக் கொட்டாதே, மணலைத் திருப்பிக் கொடு!

#மணலைத்_திருப்பிக்_கொடு
#விழுப்புரம்_கடற்கரை
#மரக்காணம் #திண்டிவனம்