கூம்பின் பொருளும் செவியின் தீர்ப்பும்

கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் இயங்கிவந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இந்தியத் தோற்கருவிகளின் ஒலியை ஆராய்ந்து, 1920-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14 மடங்கு என்றவாறு அமைந்து, தம்முள் இசையாது நிற்கும். மிருதங்கம், தபலா ஆகியவற்றின் நடுவே அப்பப்படும் கரிய பூச்சு அவற்றை ஏறக்குறைய முழு மடங்குகளாக்கி இனிமை தருகிறது. மாப்பசை, இரும்புச் சத்துள்ள பொடி போன்ற எளிய பொருள்களே அப்பூச்சில் உள்ளன. கைவினைஞர் தம் செவியால் தேர்ந்த முறைக்கு விஞ்ஞானம் பின்னர் விளக்கம் தந்தது.

ஒலிபெருக்கியின் கூம்பும் இத்தகைய அதிரும் பரப்பேயாகும். அது எடை குறைந்தும், விறைப்பு மிகுந்தும், தன் அதிர்வைத் தானே விரைவில் அடக்கிக்கொள்வதாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்று குணங்களையும் ஒருங்கே நிறைவாகப் பெற்ற பொருள் எதுவுமில்லை. காகிதம் எடை குறைந்தது. அதிர்வையும் நன்கு அடக்கும். ஆனால் வங்கத்து மழைக்கால ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அலுமினியம் விறைப்பானது, எனினும் சில அதிர்வெண்களில் மணிபோல் ஒலித்துவிடும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்துக்கு அஞ்சாது, விறைப்பிற் குறைந்தது. பெரிலியம் எடையிலும் விறைப்பிலும் சிறந்தது; அதன் விலையோ மிகப் பெரிது. ஒவ்வொன்றின் குறையையும் வடிவமைப்பினால் ஈடுசெய்வதே பொறியாளரின் திறமையாகும்.

இவ்வாறிருக்க, பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒலியின் தரத்தை முடிவு செய்யும் வழக்கம் பெருகியுள்ளது. இது தவறு என்பதே என் கருத்து. பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இருவரும் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் கண்டு கேட்டபொழுதும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபொழுதும், கேட்போர் அளித்த மதிப்பு மாறுபட்டது. செவிக்குரிய தீர்ப்பைக் கண்ணும் பாதித்தது என்பது இதனால் தெளிவாகிறது.

“விருப்பம் அவரவர் உரிமை, அதில் விஞ்ஞானத்துக்கு என்ன வேலை?” என்று சிலர் வினவலாம். தம் இல்லத்திற்கு வாங்குவோருக்கு அவ்வுரிமை உண்டு. பொதுப் பணத்தில் வகுப்பறைக்கும் கிராமக் கூட்டத்துக்கும் வாங்கும் நமக்கோ, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் ‘பலம்’ என்பதையும் ‘பழம்’ என்பதையும் பிரித்தறியக்கூடுமா என்பதே கேள்வி. வீண் செலவு ஒருபுறமிருக்க, பாடம் செவியில் விழாத மாணவரின் இழப்பை எவரும் ஈடுசெய்ய இயலாது.

ஆகவே, ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஓர் எளிய சோதனையைக் கையாளலாம். ஒலிபெருக்கிகளைத் துணித்திரைக்குப் பின்னால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைக்கவும். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுமாதலின், ஒலியளவைச் சமப்படுத்துவது இன்றியமையாதது. ஒரே பேச்சை ஒவ்வொன்றிலும் ஒலிக்கச் செய்து, பல இடங்களில் அமர்ந்திருப்போர் தம் முடிவைக் கலந்து பேசாமல் எழுதித் தருமாறு செய்யவும். பின்னரே திரையை விலக்கி, விலையைப் பார்க்க வேண்டும்.

மிருதங்கம் செய்வோர் பூச்சின் விலையைக் கேட்டுச் சுரத்தை முடிவு செய்வதில்லை. தட்டிக் கேட்டே முடிவு செய்கின்றனர். ஒலிபெருக்கி வாங்கும் நாமும் அவ்வழியே செல்வது நலம்.