மைதானம் யாருக்கு?

"கூலி உயர்வு கேட்கிறீர்கள், சரி. வீட்டுமனைப் பட்டா கேட்கிறீர்கள், அதுவும் சரி. பந்து உதைக்க மைதானம் கேட்கிறீர்களே, அது எதற்கு?"

இப்படிக் கேட்கும் கனவான்கள் நமது தருமபுரி மாவட்டத்தில் ஊருக்கு நாலுபேர் உண்டு. பாடுபடுகிறவன் பொழுது விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும், பொழுது சாய்ந்தால் படுத்துறங்க வேண்டும், நடுவில் அவனுக்கு ஆட்டம் என்ன, பாட்டம் என்ன என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நகரத்துப் பள்ளியில் புல்தரை வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், காலணி வேண்டும்!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

சனிக்கிழமை மதியம் பிறந்த ஆட்டம்

உலகத்தின் தலைசிறந்த ஆட்டமென்று இன்று கோடிக்கணக்கான ஜனங்கள் கொண்டாடும் கால்பந்து, மில் தொழிலாளி பெற்ற ஓய்வு நேரத்தில் வளர்ந்தது. இங்கிலாந்தில் வேலை நேரத்தைக் குறைக்கத் தொழிலாளர்கள் பல்லாண்டு போராடினார்கள். அதன் பலனாக 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாதென்றது. அவர்கள் வெளியேறினால் ஆலை எப்படி ஓடும்? ஆண்களுக்கும் நாளடைவில் அந்த அரைநாள் கிடைத்தது. இங்கிலாந்தில் பந்தயங்கள் சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. மில் சங்கு ஊதியதும் தொழிலாளி நேரே மைதானத்துக்குப் போனான்.

சங்கங்களும் அப்படியே பிறந்தன. மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயர்பெற்ற சங்கம் 1878-ல் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் கூடி ஆரம்பித்தது. ஆர்சனல் சங்கம் 1886-ல் லண்டன் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கண்டது. வெஸ்ட்ஹாம் சங்கத்தின் வேர் 1895-ல் கப்பல் பட்டறையில் ஊன்றியது.

அந்த மான்செஸ்டர் சங்கத்தின் கதை இன்று என்ன? 2005-ல் ஓர் அமெரிக்கக் கோடீசுவரக் குடும்பம் கடன் வாங்கி அதை விலைக்கு வாங்கியது. வாங்கிய கடன் சங்கத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. 2025 மார்ச் 11-ல், ஒரு லட்சம் பேர் அமரும் புதிய அரங்கம் கட்டப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. மதிப்பு இருநூறு கோடி பவுன்! படங்களைக் காட்டினார்கள். ரசிகர்கள் காத்திருந்தார்கள். ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்பின்னாக அதே நிர்வாகம் செய்த காரியங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2024-ல் 250 ஊழியர்களின் வேலை போயிற்று. 2025-ல் மேலும் 200 பேர்வரை குறைக்கப்படும் என்றார்கள். ஊழியருக்குக் கொடுத்துவந்த இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். பருவத்தின் நடுவில், மீதமிருந்த டிக்கெட்டுகளைக் கிழவருக்கும் குழந்தைக்கும்கூடச் சலுகையில்லாமல் 66 பவுன் ஆக்கினார்கள். நமது பணத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். 2025-26-ல் தமிழகத்துக்கு நிர்ணயித்த நூறுநாள் வேலைக் கூலி ஒருநாளைக்கு 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இருபத்தோரு நாள் மண்வெட்டினால் ஒரே ஓர் ஆட்டம் பார்க்கலாம்.

ரயில் பட்டறைத் தொழிலாளி ஆரம்பித்த சங்கத்தின் வாசலில், அவன் பேரனின் பேரன் விலை கேட்டுத் திரும்பிப் போகிறான்.

கல்கத்தா ஜனங்களின் காத்திருப்பு

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நமது தேசத்துக்கே வருவோம்.

1911 ஜூலை 29. கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் சங்கம் கிழக்கு யார்க்ஷயர் என்ற வெள்ளைப் பட்டாளத்தின் அணியை 2-1 என்று தோற்கடித்துக் கேடயம் வென்றது. பதினொருவரில் பத்துப்பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே ஆணி வைத்த பூட்ஸ்! காண வந்த கூட்டத்துக்கு இடம் போதவில்லை. மரத்தில் ஏறினார்கள். தூரத்தில் நின்றவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். வெள்ளையனை அவனது ஆட்டத்திலேயே வெல்ல முடியும் என்று ஜனங்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

1920-ல் ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றியது. 1947-ல் தேசம் பிளவுபட்டு, வீடும் வயலும் இழந்து கல்கத்தாவின் தகரக் கொட்டகைகளில் ஒண்டிய லட்சக்கணக்கான அகதிகளுக்கு அந்தச் சங்கம் இழந்த ஊரின் ஞாபகமாக இருந்தது. ஆனால் இத்தனை பேர் உயிராய் நேசித்த ஆட்டத்துக்கு ஒரு சரியான அரங்கம் இருந்ததா? இல்லை. மைதான நிலம் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது; அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்பத் தடை. சங்கங்கள் சிறிய காலரிகளோடு காலம் தள்ளின. பெரிய பந்தயங்களுக்கு ஈடன் கார்டன் கிரிக்கெட் அரங்கத்தை நாடவேண்டியிருந்தது. இரண்டு தலைமுறை ரசிகர்கள் "எங்களுக்கு அரங்கம் எப்போது?" என்று கேட்டே நரைத்தார்கள்.

அந்தக் காத்திருப்புக்கு ரத்தத்தால் விலை கொடுக்க நேர்ந்தது. 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இருதரப்பு ரசிகர்களையும் ஒரே காலரியில் அடைத்திருந்தார்கள். களத்தில் மூண்ட சச்சரவு காலரிக்குப் பரவியது. தப்பி ஓட வழி போதாமல் நெரிசலில் சிக்கி 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. இன்றும் அந்த நாளில் கல்கத்தா ரசிகர்கள் ரத்ததானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

1984 ஜனவரியில், ஜோதிபாசு முதலமைச்சராக இருந்தபோது, சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டது. அன்று அதில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அமர முடிந்தது. பொதுச் சொத்து. 1997 ஜூலை 13-ல் அதே இரு சங்கங்களும் அங்கே மோதியபோது ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இந்திய விளையாட்டுச் சரித்திரத்தில் அப்படியொரு கூட்டம் அபூர்வம்.

கட்டடம் எழுந்தால் போதுமா?

இங்கேதான் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. அரங்கம் வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று ரசிகர்கள் வீட்டுக்குப் போய்விட முடியவில்லை.

2020-ல் மோகன் பகான் கால்பந்து அணியின் பெரும்பங்கு ஒரு முதலாளிக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட பெயரின் முன்னால் வேறொரு பெயர் ஒட்டப்பட்டது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தட்டி பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். மூன்று வருஷம் கிளர்ச்சி செய்து, 2023-ல் அந்த ஒட்டை எடுக்கவைத்தார்கள். ஆனால் அதன் இடத்தில் முதலாளி வேறொரு பட்டம் சூட்டினான் என்பதையும் மறைக்கவேண்டாம்.

2025 டிசம்பர் 13-ல் அர்ஜென்டினா வீரர் மெஸ்ஸி அதே சால்ட் லேக் அரங்கத்துக்கு வந்தார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். சிலர் மாதச் சம்பளத்தையே கொடுத்தார்கள். என்ன கண்டார்கள்? பிரமுகர்களும் அவர்கள் பரிவாரங்களும் மெஸ்ஸியைச் சூழ்ந்து நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். காலரியில் இருந்தவர்களுக்கு அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் அவர் போய்விட்டார். ஆத்திரத்தில் நாற்காலிகள் பறந்தன. ஏற்பாட்டாளர் கைதானார். பொது அரங்கத்தையும் சில்லறை வியாபாரிகள் போல வாடகைக்கெடுத்துக் காசு பண்ண முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அதே அரங்க வாசல் இன்னொரு காட்சியையும் கண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் ரத்துசெய்யப்பட்டது. அன்று மாலை இரண்டு சங்கத்து ரசிகர்களும், முகமதன் சங்கத்து ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே ஒன்றாகக் கூடினார்கள். நூறாண்டுப் பகையை மறந்து, எதிரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்டார்கள். போலீஸ் தடியால் அடித்தது. கலையவில்லை. 1980-ல் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள்தான் 2024-ல் கைகோத்து நின்றார்கள்!

ரசிகன் வெறும் வாடிக்கைக்காரன் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பக்கத்து ஊர்ப் பாடம்

பெங்களூர் நமக்கு அந்நியமல்ல. மழை பொய்த்து ராகியும் சாமையும் கைவிட்டால் பென்னாகரத்து ஜனமும் அரூர் ஜனமும் பஸ் ஏறுவது அங்கேதான். அங்கே எழும் மாடிகளில் நமது சித்தாள்கள் சுமந்த கல் இருக்கிறது. அந்த ஊரில் 2025 ஜூன் 4-ல் கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு லட்சக்கணக்கானோரை வரவழைத்தார்கள். வழியும் பாதுகாப்பும் செய்யவில்லை. சின்னசாமி அரங்க வாயில்களில் நசுங்கி 11 பேர் மாண்டார்கள். கல்கத்தா நடந்து 45 வருஷத்துக்குப் பிறகும் கூட்டத்தை அழைக்கத் தெரிகிறது, காக்கத் தெரியவில்லை.

அதே 2025-ல் தேசத்தின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான ஐ.எஸ்.எல்., சம்மேளனத்துக்கும் நடத்தும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் சங்கம் ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தியது. லாபக் கணக்கு ஒத்துவராவிட்டால் வீரனும் கதவடைப்பில் சிக்கிய மில் தொழிலாளிதான்!

நமது மாவட்டத்தில் என்ன?

தருமபுரி 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டமாயிற்று. அறுபது வருஷம் கடந்துவிட்டது. மாவட்டத் தலைநகரில் அரங்கம் உண்டு. ஆனால் சித்தேரி மலைப் பையனுக்கும் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் அதனால் என்ன பிரயோஜனம்? போகவர பஸ் செலவுக்கே கூலி சரியாகிவிடும். வறண்ட ஏரிப் படுகையும் அறுத்த காடும்தான் அவர்கள் மைதானம். மழை வந்தால் அதுவும் இல்லை.

2021-ல் பொறுப்பேற்ற தமிழக அரசு, 234 தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் கட்டுவோம் என்றது. வரவேற்கிறோம். மனம் வைத்தால் முடியும் என்பதும் தெரியும். மதுரைப் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஜனவரி 24-ல் திறந்தார்கள். அறுபது கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அந்த வேகம் கிராமத்து மைதானத்துக்கு ஏன் வரவில்லை?

பெண்களை மறந்துவிடக் கூடாது. தமிழகப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய கால்பந்துப் பட்டம் வென்றது. கடலூரில் பிறந்த இந்துமதி இந்திய அணிக்கே தலைமை தாங்கினார். நமது மாவட்டத்துப் பெண்கள் பலர் கொங்குச் சீமை நூற்பாலைகளுக்குப் போய் விடுதியில் அடைபடுகிறார்கள். அவர்களில் எத்தனை இந்துமதிகள் இருந்தார்களோ, பஞ்சுத் தூசிதான் அறியும்.

நேரமும் இல்லாமல் மைதானம் மட்டும் இருந்தால் அது மாடு மேயத்தான் ஆகும். 2023 ஏப்ரல் 21-ல் நமது சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது நினைவிருக்கட்டும். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று காப்பாற்றியது கூலியை மட்டுமா? நமது மாலைப் பொழுதையும்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

ஒவ்வொரு ஊராட்சியிலும் பொது நிலத்தில் ஒரு மைதானம் அளந்து, கிராமக் கணக்கில் விளையாட்டு மைதானம் என்றே பதிவு செய்யவேண்டும். பதிவில்லாத நிலம் நாளைக்கு யார் வேலிக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

தொகுதி அரங்கங்களின் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் கட்டுவதற்கு முன்பே ஜனங்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். அங்கே ஆட நுழைவுக் கட்டணம் கூடாது. பெண்களுக்கு விளக்கும் கழிப்பிடமும் தனி நேரமும் வேண்டும்.

கட்டும் வேலையில் உள்ளூர் ஆட்களுக்குச் சட்டப்படி கூலியும் பாதுகாப்பும் வேண்டும்.

மேற்பார்வைக் குழுவில் அதிகாரியோடு ஆடும் இளைஞர்களும் தொழிற்சங்கமும் இடம்பெற வேண்டும்.

தோழர்களே! மே முதல் தேதி கிராமசபை கூடும் நாள். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதோடு நிற்காதீர்கள். ஊர்ப் பையன்களையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர் என்று எழுதிய மனுவோடு போங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். கல்கத்தா ஜனங்கள் காத்திருந்த அத்தனை காலம் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.