ஊசி குத்தலாம்... மாத்திரையை நிறுத்தலாமா?

போர்வை பட்டாலே பாதம் எரிகிறது என்பார்கள். பகலைச் சமாளித்துவிடுகிறவர்கள்கூட, ராத்திரியானால் காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை நோய் ஆண்டுக்கணக்கில் நரம்புகளைப் பழுதாக்குவதால் வரும் வலி இது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிரிகாபலின், டுலாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வேறு. இந்த அவதியில் அக்குபஞ்சரைத் தேடிப் போகிறவர்களைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை.

மான்செஸ்டரில் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், பாத வலியால் தவித்த 46 பேருக்குப் பத்து வாரங்களில் அதிகபட்சம் ஆறு முறை ஊசி குத்தினார்கள். கடைசிவரை வந்த 44 பேரில் 34 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. பலர் வலி மாத்திரையைக் குறைத்தார்கள், அல்லது விட்டார்கள். விளம்பரப் பலகைகளுக்கு இதுவே போதும். ஆனால், அதே ஆய்வில் நரம்புப் பரிசோதனை முடிவுகளும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் குறிப்பிடும்படி மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி குத்தாத குழுவும் இல்லை. வலி அடங்கியது, நரம்பு பழுதாகவே இருந்தது.

இது தெரியாமல்தான் நம்மூரில் விபரீதம் நடக்கிறது. 'ஹீலர்' என்று பலகை மாட்டிக்கொண்ட சிலர் நாடி பிடித்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு (ஊசிகூடக் கிடையாது!), "இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் நிறுத்திடுங்க" என்கிறார்கள். இன்சுலினை நம்பியே இருப்பவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மற்றவர்களுக்குச் சர்க்கரை சத்தமில்லாமல் ஏறும், பாதம் மரத்துப்போகும். முள் தைத்தாலும் தெரியாது. புண் சீழ் பிடித்து, விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போதுதான் வீட்டுக்கே தெரியவரும். மரத்த பாதத்தில் சுத்தமில்லாத ஊசி இறங்கினாலும் இதே கதிதான்.

அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019-ல் அங்கீகரித்தது. அங்கீகாரத்தோடு கடமையும் உண்டு. மருத்துவர் எழுதிய சர்க்கரை மருந்தை நிறுத்தச் சொல்வது தண்டனைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

தமிழக அரசுக்கும் ஒரு வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். போன மாத அட்டை பிரிக்காமலே கிடந்தால், நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டு, பெயரையும் முகவரியையும் சுகாதாரத் துறைக்கு அனுப்பட்டும்.