சூரிய மின்சாரம்: பெங்களூரில் இடிக்கும் கணக்கு

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின் தகடுகளைப் பொருத்தும் திட்டத்துக்கு, 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ.75,021 கோடி. பிரதமரின் "சூர்ய கர்" என்ற பெயருடன் "இலவச மின்சாரம்" என்ற சொல்லும் சேர்ந்தே வந்தது. ஆனால், கர்நாடக காங்கிரஸ் அரசு அந்தச் சொல்லை 2023 ஜூலையிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். பெங்களூரில் இவ்விரு இலவசங்களும் எதிரெதிரே நிற்கின்றன.

3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு கணக்கிட்ட அடிப்படை விலை ரூ.1.45 லட்சம். மானியம் ரூ.78 ஆயிரம் போக, வீட்டு உரிமையாளர் போட வேண்டியது ரூ.67 ஆயிரம். சந்தை விலை கூடினால் இதுவும் கூடும். மாதம் 300 யூனிட் செலவாகும் வீட்டில், யூனிட்டுக்கு ஏறத்தாழ ரூ.6 என்று வைத்தால், ஆண்டுக்கு ரூ.21,600 மிச்சமாகும். சில ஆண்டுகளிலேயே போட்ட முதல் திரும்பிவிடும். தகடுகளோ சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். இத்தகைய வீட்டுக்கு இது லாபமே.

கிருஹ ஜோதி வரம்புக்குள் மாதம் 150 யூனிட் செலவிடும் குடும்பத்தின் நிலை வேறு. கட்டணமே இல்லாத இடத்தில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? கடன் வாங்கித் தகடு பொருத்த அக்குடும்பத்துக்குக் காரணம் இல்லை. வாடகைக்குக் குடியிருப்போருக்கோ கூரையே சொந்தமில்லை. ஆக, மத்திய அரசின் மானியம் அதிகம் செலவிடும் வசதியான வீடுகளையே நாடிச் செல்லும்.

மாநில அரசுக்கும் இதனால் நிம்மதி இல்லை. இலவச யூனிட்டுகளுக்கான தொகையை மின் விநியோக நிறுவனங்களுக்கு அது ஆண்டுதோறும் ஈடுகட்டியாக வேண்டும். அப்பணத்தால் ஒரு தகடுகூட உருவாவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஒரு வீட்டுக்காக மின் நிறுவனத்துக்குத் தரும் தொகையைச் சில ஆண்டுகளுக்கு அவ்வீட்டின் தகட்டுக் கடன் தவணைக்குத் திருப்பலாம். கடன் தீர்ந்தபின் மின்சாரமும் இலவசம். அரசின் சுமையும் குறையும். இதற்குத் தில்லியும் பெங்களூரும் ஒரே மேஜையில் அமர வேண்டும். 2024 ஜூனில் இத்துறையின் பொறுப்பை ஏற்ற மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி கர்நாடகத்தைச் சேர்ந்தவர் என்பதால், தொடக்கம் அவரிடமிருந்தே வரலாம்.

2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கும் தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. இலவசத்தின் பெருமை யாருக்கு என்பதில் போட்டி நீடிக்கும் வரை, ஏழையின் கூரையில் வெயில் வீணாகவே காயும்.