மரத்த காலும் மாற்றார் மொழிச் சீட்டும்

பண்ணைப்புரத்திற்கு மேற்கே நிற்கும் மலைகளுக்கு அப்பால் ஏலத் தோட்டங்கள் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாய் வைகறையில் வண்டியேறி மலைக்குச் சென்று, நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து, பொழுது சாயத் திரும்புகின்றனர். இவருள் ஒருவர்க்குக் கால் மரத்துப் போயிற்றென்றால் வீட்டார் முதலிற் சொல்வது 'சுளுக்கு' என்பதே. எண்ணெய் தேய்ப்பர், வெந்நீர் ஒற்றுவர், விடியட்டும் என்பர்.

விடியும்வரை பொறுக்காத நோய்கள் இரண்டு உண்டு. ஒன்று, காலுக்குச் செல்லும் குருதி திடுமென நின்றுபோதல். நெஞ்சாங்குலையில் உறைந்த கட்டியொன்று குருதியோடு வந்து குழாயை அடைக்கும். அல்லது பீடிப் புகையாலும் நீரிழிவாலும் முன்பே குறுகிய குழாயில் அங்கேயே உறையும். கால் வெளிறும்; சில்லிடும்; பொறுக்கவியலாது நோகும்; பின் உணர்வும் அசைவும் அறும். ஏறத்தாழ 6 மணி நேரத்தில் தசை மீளாக் கேடுறத் தொடங்கும். அத்தகைய காலில் வெந்நீர் ஒற்றுவது புண்ணையே தரும். உறைவைத் தடுக்கும் எப்பாரின் மருந்தை உடனே ஏற்றி, அடைப்பை நீக்குதல் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் தாமசு போகார்ட்டி என்னும் அமெரிக்கர், நுனியில் ஊதுபை கொண்ட மெல்லிய குழலொன்றைப் புனைந்தார். கட்டியைக் கடந்து அதனைச் செலுத்தி, ஊதி, பின்னிழுத்தால் கட்டி வெளிவந்துவிடும். எத்துணை எளிய கருவி! எத்துணைக் கால்களைக் காத்தது!

மற்றொன்று, முதுகெலும்பின் இடைவட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நெருக்குதல். எல்லா முதுகு நோவுக்கும் கத்தி வேண்டா. பெரும்பாலானவை சில கிழமைகளில் தாமே தணியும். ஆனால் கால்கள் தளர்ந்து, சிறுநீர் இறங்காது, இருக்கைப் பகுதி மரத்துப் போயின், எலும்பின் பின்தகட்டை அகற்றி நெருக்கத்தை விரைந்து நீக்கியாக வேண்டும். காலம் தாழ்த்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடே மீளாது போகலாம். முன்னதில் புறங்கால் நாடி துடியாது. பின்னதில் கால் வெதுவெதுப்பாயிருக்க, நாடி துடிக்கும்.

இவ்வளவையும் தமிழிற் சொல்ல முடிகிறதன்றோ? ஆயினும் சிற்றூர் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விடுக்கும் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. மருத்துவர் தமிழர், நோயாளர் தமிழர், இடையிலுள்ள தாள் மட்டும் அயன்மொழி. அதனைப் படிக்கவியலாத வீட்டார், மாற்றுடை எடுக்கவும் பணம் புரட்டவும் வீடு திரும்புகின்றனர். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. விரைவுக்கு வழியிருந்தும் விரையவேண்டும் என்பது வீட்டார்க்குத் தெரியவில்லை.

தமிழால் இயலாது என்பார், யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். அறுவை நூலுக்கு அவர் இட்ட பெயர் 'இரண வைத்தியம்'. பெயர் வடசொல்தான், உழைப்போ தமிழுக்கு. அயலார் செய்ததைத் தமிழ் மருத்துவர் செய்யலாகாதா?

முழு நூலும் இன்றே வேண்டா. சீட்டின் தலைப்பில் ஒரு வரி போதும்: 'காலுக்குக் குருதி செல்லவில்லை, நோவு தொடங்கியது மாலை 5 மணி, இரவு 11 மணிக்குள் அடைப்பு நீங்க வேண்டும், வீட்டுக்குச் செல்லாதீர்.'